முனை மடங்காத காவியம்

ஆவுடைநாயகத்தின் காவியம் அட்டை உறைக்குள் போக மறுத்தது.

குற்றாலத்து அருவிகளைப் பற்றி நானூறு பாட்டு எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகம் அது. சென்னை அறக்கட்டளை ஒன்றின் கவிதைப் பரிசுக்கு அனுப்ப இன்றே கடைசி நாள். போன வருடம் இதன் முதல் பாகத்தைச் சாதாரண உறையில் அனுப்பினார்; பரிசு வரவில்லை. தபாலில் முனை மடங்கியிருக்கும், மடங்கிய புத்தகத்தை நடுவர் மதித்திருக்க மாட்டார் என்பது அவரது ஆய்வு முடிவு. பாட்டில் ஏதும் குறை இருக்குமோ என்ற கோணத்தில் ஆய்வு நடக்கவில்லை.

ஆகவே இந்த முறை ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை அறுத்துத் தானே உறை செய்தார். ஸ்கேல் வைத்து நுணுக்கமாக அளந்தவர், மடிப்பில் அட்டையின் கனமே கால் அங்குலம் தின்றுவிடும் என்பதை மட்டும் அளக்கவில்லை.

"புத்தகத்த ஓரத்துல லேசா நறுக்கிருங்களேன்" என்றாள் மனைவி ஆனந்தவள்ளி.

"ஏட்டி, அது காவியம். வெண்டைக்காயா?"

இரண்டாவது உறையைப் பெரிதாக வெட்டினார். காவியம் உள்ளே கிலுகிலுப்பை போல ஆடியது. பழைய பேப்பரைத் திணித்தார். உறைக்கு ஆறு மாத வயிறு வந்தது. அமுக்கிப் பிடித்து மைதாப் பசை போட்டார். சாரல் காலத்தில் தென்காசியில் துவைத்த வேட்டியே மூன்று நாள் காயாது. பசை எங்கே காயும்? இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தார். இரண்டும் புதுமணத் தம்பதி போல ஒட்டிக்கொண்டன. கரண்டிக் காம்பால் நெம்பியதில் உறை கிழிந்தது. கிழிசலுக்கு மேல் இன்னொரு அட்டை, அதன் மேல் நாலு சுருள் பழுப்பு டேப்.

"நல்ல காரியம்லா" என்று ஆனந்தவள்ளி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

குடையை உறைக்குப் பிடித்து, தான் நனைந்தபடி தபால் நிலையம் போய்ச் சேர்ந்தார் ஆவுடைநாயகம்.

"பத்திரிகையா அண்ணாச்சி? யாருக்குக் கல்யாணம்?" என்றாள் கவுண்டரில் இருந்த காளீஸ்வரி.

"புத்தகம்மா."

அவள் எடை பார்த்தாள். "ரெண்டே கால் கிலோ காட்டுதே. புத்தகம் எம்புட்டு இருக்கும்?"

"இருநூறு கிராம். மிச்சமெல்லாம் பாதுகாப்பு."

"இருநூறு கிராமுக்கா இம்புட்டுப் பாதுகாப்பு?"

"போன வருசம் முனை மடங்கித்தான் எனக்கு வரவேண்டிய பரிசு போச்சு. இலக்கியம் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புதேன், முத்திரை குத்துத உனக்கு அது வெளங்காது. நீ பார்கோடை ஒட்டு."

காளீஸ்வரி முகவரியைப் படித்தாள். பார்கோடை ஒட்டாமல் உறையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இத எதுக்கு அண்ணாச்சி சென்னைக்கு அனுப்புதீய? அங்க உள்ளவங்க திரும்ப எனக்குத்தான் அனுப்புவாங்க. மூணு வருசமா கவிதைக்கு நாந்தான் நடுவர். போன வருசம் உங்க புத்தகம் வந்தப்ப ஒரு முனைகூட மடங்கல."