மக்கள் கருத்து, நான்காம் பிரதி

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமா என்று கேட்கும் யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லாததால் கேட்டுவைக்கிறேன். நேற்று மகள் போனில், "அவரை மேனேஜர் வரச் சொல்லியிருக்கார்ப்பா, நீங்க இப்ப எதுவும் பேசாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பேசத்தானே கூடாது, எழுதலாம் அல்லவா? உங்கள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்ற பயத்தில் இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (உங்கள் அத்தை தோளுக்குப் பின்னாலிருந்து இதைப் படித்துவிட்டு, எல்லா வேளையும் நன்றாகத்தான் இறங்கியது என்கிறார். அதையும் பதிவு செய்கிறேன்.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீங்கள் உங்கள் கையாலேயே முகவரி எழுதிய உறை வந்தது. பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடைகளில் சர்க்கரையும் உப்பும் மிதமிஞ்சிய பாக்கெட் தீனிகளை விற்கலாமா கூடாதா என்று உங்கள் நகர மன்றத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள், அங்கே தடை வந்தால் ஊர் ஊராகப் பரவிவிடும் என்று எங்கள் நிறுவனம் பயப்படுகிறது, தடை வேண்டாம் என்று பேச உள்ளூரிலிருந்தே பத்துப் பேர் தேவை, அதில் நீங்களும் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். பேச வேண்டியது இரண்டு தாளில் அச்சாகி இருந்தது. கூடவே ஒரு பச்சைத் தொப்பியும், 'அக்கறையுள்ள தாத்தா' என்று போட்ட ஒரு பேட்ஜும். தொப்பிக்குள் என் தலையோடு உங்கள் அத்தையின் தலையும் போகும். மாப்பிள்ளை நம்மிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, கேட்ட முதல் காரியத்தைத் தலையால் நடந்தாவது முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் முதல் தாளின் தலைப்பில், 'நம் தட்டு நம் உரிமை' மக்கள் பேரவையின் துணைத் தலைவர் என்று என் பெயரைப் போட்டிருந்தது. அப்படி ஒரு பேரவை இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் ஆறு மாதமாக நான் துணைத் தலைவராம். ஓய்வு பெற்றபின் யாரும் என்னை இவ்வளவு மதித்ததில்லை. உங்களைப் போனில் கூப்பிட்டு விசாரித்தபோது, பேரவை விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு, "ஒரு வரிகூட விடாமப் படிங்க மாமா, அது போதும்" என்றீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. நீதிமன்றத்தில் ஆவணங்களை வாசித்துக் காட்டும் குமாஸ்தாவாக முப்பத்துநான்கு வருஷம் தொண்டை தேய்ந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரத்தில் ஒரே ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிட்டேன்; அதனால் ஒரு அம்மாளுக்கு வீட்டுக்குள் போகிற வழியே இல்லாமல் போகப் பார்த்தது. அன்றைக்கு நீதிபதியிடம் வாங்கிய டோஸில், முத்திரையில் தொடங்கி அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்காமல் எந்தத் தாளையும் நான் கீழே வைப்பதில்லை. முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதும் கிடையாது, பார்த்தால் குரல் ஒரு பக்கம் சாயும். நீங்கள் இப்போதைய வீட்டுக்குக் குடிபோன அன்று மாடிப்படியில் நின்று வாடகை ஒப்பந்தத்தை நான் வாசிக்க, பீரோவைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு ஆட்களும் 'இத்தாளை ஈரம் படாமல் வைக்கவும்' என்ற கடைசி வரிவரை தோளில் சுமையோடு கேட்டார்கள். "மாமா கையில தாளைக் கொடுத்தா அடிவரைக்கும் போய்த்தான் நிப்பார்" என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். மன்றத்தில் நல்ல கூட்டம். மேடையில் விசாரணைக் குழுத் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர். முன்வரிசையில் பச்சைத் தொப்பி போட்ட நாங்கள் பத்துப் பேர். முதலில் ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, தன் பேத்தி தன் கையைப் பிடித்துக்கொண்டு 'தாத்தா, என் சந்தோஷத்தை யாரும் பறிக்க விடாதீங்க' என்று சொன்னதாக உருக்கமாகப் படித்தார். நானே கைக்குட்டையை எடுத்துவிட்டேன். அடுத்து முடிதிருத்துகிறவர் எழுந்தார். அவர் பேத்தியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது நம் தெருத் தையற்காரர். வயது இருபத்தெட்டு, இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கும் ஒரு பேத்தி, அதே கை, அதே சந்தோஷம். தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, உங்களுக்கு எத்தனை வயசுல பேத்தி பொறந்தா?" என்று கேட்டார். அவர் பாவம், பதில் இருக்கிறதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். ஊர் மானமே என் கையில் இருக்கிறது என்ற நினைப்போடு மைக்கைப் பிடித்து, கோர்ட்டுக் குரலில் ஆரம்பித்தேன். 'மதிப்பிற்குரிய குழுவினரே, நான் ஒரு சாதாரணத் தாத்தா. என் பேத்தி, அடைப்புக்குறிக்குள், இங்கே பேத்தியின் செல்லப்பெயரை நிரப்பவும், என் கையைப் பிடித்துக்கொண்டு' என்று போய், 'இரண்டு நொடி நிறுத்தவும், வந்தால் கண்ணைத் துடைக்கவும்' என்றும் படித்தேன். சொன்னபடி நிறுத்தி, துடைத்தேன். சபையில் யாரோ களுக்கென்றார்கள். சபை சிரித்தாலும் அழுதாலும் வாசிக்கிறவன் நிற்கக் கூடாது, தொடர்ந்தேன். 'பாக்கெட் தீனியால் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பது எந்த ஆய்விலும் நிரூபிக்கப்படவில்லை. அடிக்குறிப்பு ஒன்று: ஆய்வு நம் நிறுவனம் செய்ய வைத்தது, கேட்டால் மட்டும் சொல்லவும். அடிக்குறிப்பு இரண்டு: தீனி என்று சொல்ல வேண்டாம், சந்தோஷம் என்று சொல்லவும். அடிக்குறிப்பு மூன்று: நிருபர் யாராவது மடக்கினால் வெயிலைப் பற்றிப் பேசவும். தயாரிப்பு, மக்கள் கருத்துப் பிரிவு, மூன்றாம் மாடி. நான்காம் பிரதி. இந்தக் குறிப்புகளை வெளியே படிக்கக் கூடாது.' கடைசி வரிக்குத்தான் நான் நல்ல அழுத்தம் கொடுத்துவிட்டேன். படித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது எனக்குள் இறங்கியது. மாப்பிள்ளை, அந்த மேடையிலேயே பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. கீழே இறங்கினால் நிருபர் மடக்கிக்கொண்டார். வேறென்ன செய்ய, இந்த வருஷம் வெயில் கொஞ்சம் அதிகம்தான் என்றேன். அதையும் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கூட்டம் யார் கையிலும் நிற்கவில்லை. தையற்காரர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தனக்குப் பேத்தி இல்லை, அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் இடுப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று என்று சொந்த வார்த்தையில் பேசினார். அதற்குத்தான் முதல் கைதட்டல். பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடை அம்மா தடை கூடாது என்று சண்டை போடத்தான் வந்திருந்தார். பாக்கெட் போனால் கடை போகும், கடை போனால் தன் பிழைப்பு போகும் என்று பயம். அவரும் எழுந்து, "எனக்கு ஒரு அடுப்பு கொடுங்க, முட்டையும் சூப்பும் நானே போடுறேன். பாக்கெட்டைப் பிரிச்சுக் கொடுக்கவா நான் சமையல் கத்துக்கிட்டேன்?" என்றார். கடைசியில், வருகிற பருவம் முழுக்க எல்லாப் பள்ளியிலும் பாக்கெட்டை நிறுத்திப் பார்ப்பது, கடைகளுக்கு அடுப்பு கொடுப்பது என்று குழு முடிவு செய்துவிட்டது. ஊரே என்னைத் தெருவில் நிறுத்திக் கைகுலுக்குகிறது. குலுக்கிய ஒவ்வொரு கைக்கும் எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். போன விடுமுறையில் நீங்கள் வந்திருந்தபோது பேத்தியின் பையிலிருந்து முயல் படம் போட்ட பாக்கெட்டை எடுத்துவிட்டு, ஆப்பிளை நறுக்கி வைத்தீர்கள். அந்த முயல் உங்கள் பிரிவுக்காக நீங்களே வரைந்த முயல் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேத்தி ஆப்பிளைத் தள்ளிவிட்டு முயல்தான் வேண்டும் என்றாள். அது உடம்புக்கு ஆகாது என்று நீங்கள் சொன்னதற்கு, "நல்லதுன்னு முயல் டிவியில சொல்லுச்சேப்பா. நீ டிவியில வரவே இல்லையே" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் அந்த ஆப்பிளைத் துண்டு துண்டாகத் தின்று முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. இன்றைக்கு அந்த வேலையும் என்னால் போகப்போகிறதே என்று அதைவிட வருத்தமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். குற்றம் முழுக்க என்னுடையது, இதில் என் மாப்பிள்ளைக்குக் கடுகளவும் பங்கில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யத் தயார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடுங்கள். பெரிய மனது பண்ணி இந்தக் கிழவனை மன்னித்துவிடுங்கள். இனி எந்தத் தாளையும் பாதியிலேயே நிறுத்தப் பழகிக்கொள்கிறேன். சிற்றுண்டிக் கடை அம்மா வேறு, பிள்ளைகள் முட்டையைத் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் தனக்கும் ஒரு முயல் வேண்டும், உங்கள் மாப்பிள்ளை வரைந்து தருவாரா என்று கேட்கிறார். இருக்கிற நிலைமையில் உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், பதினாறும் பெற்று நீடூழி வாழ வேண்டும். மகளுக்கு என் அன்பு, பேத்திக்கு ஆயிரம் முத்தம். அத்தை தன் ஆசிகளைத் தனியாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

தலைகுனிந்து நிற்கும்
உங்கள் மாமனார்
(துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தையற்காரர் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தொப்பிக்குள் அவருடைய தாளும், ரொட்டிக்கடைக்காரர், முடிதிருத்துகிறவர் தாள்களும் அவை வந்த உறைகளோடு இருந்தன. பழக்கதோஷம், மூன்றையும் அடிவரைக்கும் படித்தேன். மூன்றிலும் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. அடைப்புக்குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை, மூன்றாம் மாடி இல்லை. மூன்று உறையிலும் முகவரி உங்கள் கையெழுத்து. பத்துப் பேரில் மூவரைப் பார்த்தாயிற்று, என்னைத் தள்ளினால் மீதி ஆறு பேரையும் நாளைக்குப் பார்க்கிறேன். ஆனால் அவசியம் இருக்கும் என்று தோன்றவில்லை. மேனேஜருக்கு எழுதிய கடிதத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், பொய்ச் சத்தியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. மேலே கேட்ட மன்னிப்பையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மேனேஜர் என்ன சொன்னாலும் சரி, மூன்று பேரும் நேரே இங்கே புறப்பட்டு வாருங்கள். முன்னறை மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன், முயலை இங்கேயே உட்கார்ந்து வரையலாம். நீங்கள் சொன்னபடியே படித்துவிட்டேன் மாப்பிள்ளை, ஒரு வரிகூட விடவில்லை.