நாலு எட்டில் இருக்கும் மேலாளரிடம் விடுப்பு கேட்ட கதை

மதிப்புக்குரிய அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கு வீட்டில் எல்லோரும் சுகம். அங்கு உன் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை நடக்கும் உன் மகள் கல்யாணத்துக்கு வர முடியாது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டது தப்புதான். நாற்பது பேர் பார்க்கிற இடம். சித்தப்பா அதற்குக் கட்டைவிரலை வேறு உயர்த்திவிட்டார். இருக்கிற ஒரே தாய்மாமன், வராமல் இருக்க எனக்கு ஆசையா? நடந்ததைக் கேள்.

எங்கள் மென்பொருள் குழுவில் ஏழு பேர், ஒரே அறை. ஆனால் எதை எங்கே சொல்வது என்று ஒரு கணக்கே கிடையாது. போன மாதம் வாடிக்கையாளரின் மருந்துக்கடை மென்பொருள் படுத்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் கேக் படங்களுக்கு நடுவே அரை நாள் கிடந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எதை எங்க சொல்லணும்னு ஒரு விதி எழுதுங்க" என்று என் தலையில் கட்டினார். நானும் பெரிய மேதாவி மாதிரி எழுதினேன்: அவசரம் என்றால் போன், முடிவு என்றால் மின்னஞ்சல், சந்தேகம் என்றால் வாட்ஸ்அப் குழு, வேறு எது கேட்பதானாலும் கணினியில் இருக்கும் பணிப்பலகையில் ஒரு டிக்கெட், அதாவது எழுத்தில் ஒரு கோரிக்கை, வாயால் கேட்டால் செல்லாது. அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. மறுநாளே ஏசி ஒழுகி என் கீபோர்டில் தண்ணீர் கொட்டியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் போட்டார்: 'முக்கியத்துவம், நடுத்தரம்.'

என் விடுப்பையும் டிக்கெட்டாகத்தான் போட்டேன். பலகையில் எது விழுந்தாலும் முதலில் பார்ப்பவர் எங்கள் சோதனையாளர். பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். மென்பொருளில் யார் பிழை சொன்னாலும், அதை மறுபடி நடத்திக் காட்டினால்தான் நம்புவார். "அக்கா மகள் கல்யாணம்னு போட்டிருக்கீங்க. என்ன செஞ்சா இது மறுபடி நடக்கும்? படிப்படியா எழுதுங்க" என்று கேட்டார். "கல்யாணம்ங்க, ஒரு தடவைதான் நடக்கும்" என்று பதில் போட்டேன். 'மறுபடி நடத்திக் காட்ட முடியவில்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார். புதிதாக இன்னொன்று போட்டேன், பழையதன் நகல் என்று அதையும் மூடினார். மேலாளர் என் நாற்காலியிலிருந்து நாலு எட்டில்தான் இருக்கிறார். "எழுந்து போய் வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்கிறாள் என் வீட்டுக்காரி. விதி எழுதியவனே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?

உன் மகளைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். மணக்கோலத்தில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. மன்னித்துவிடு அக்கா. மணமக்கள் மனம் ஒத்து நீடூழி வாழட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி

பி.கு.: உறையில் விலாசம் எழுதும்போது மேலாளரே எழுந்து என் நாற்காலிக்கு வந்தார். நீ அவருக்கே போன் செய்தாயாமே? என்ன சொன்னாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "இன்னைக்கே கிளம்புங்க, தயவுசெஞ்சு கிளம்புங்க" என்று என் பையை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது, வருகிறேன். அவரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறாயாம். வர முடியாது என்பதை உன்னிடம் எந்த வழியில் சொல்வது என்று என்னைக் கேட்கிறார். அப்படி ஒரு வழி இல்லை என்று சொல்லிவிட்டேன்.