மேபலின் ஐஸ்கிரீம் பெட்டிகளும் என் வண்டியும்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள கிளைவ் மச்சானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். மகள் ஷெரோமியும் சுகமாகத்தான் இருக்கவேண்டும். நான்கு நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை. நீங்களும் வீட்டாரும், என்னோடு கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கச்சி மேபலும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். ஆறு தரம் எடுத்தும் நீங்கள் போன் தூக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று முறைக்கிறாள் என்று விளங்குகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு றவூப் நானா தன் திரீவீலில் வத்தளைக்குக் கொண்டுவந்து தருவார்.

மச்சான், அவளுடைய பக்கத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தில் விஞ்ஞானம் இருக்கிறது! ஒன்பதாம் வகுப்போடு துறைமுகத்துக்கு மூட்டை எண்ணப் போனவனுக்கு என்ன விஞ்ஞானம் என்று சிரிக்காதீர்கள். போன ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டபத்தில் றேணுகா என்ற டொக்டர் பிள்ளை வந்து பேசியது. மேபல் சமைக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் ஷெரோமியும் இருந்தோம். பிளாஸ்டிக்கிலே சில இரசாயனங்கள் இருக்கின்றனவாம், சுடச்சுட எண்ணெய்க் கறியை ஊற்றினால் அவை கறிக்குள் இறங்கி, கறியோடு எங்களுக்குள் இறங்கி, உடம்பிலே இருக்கிற ஹோர்மோன்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு, கொழுப்புக் கலங்களைப் பார்த்து "பெருகு, பெருகு" என்று சொல்லக்கூடுமாம், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாமாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது மச்சான்! தொண்ணூற்றாறு கிலோவையும் இந்த வண்டி வயிற்றையும் நானே தின்று சேர்த்தேன் என்று முப்பது வருஷமாக இந்த வீட்டில் பேச்சு வாங்குகிறேன், கடைசியில் பார்த்தால் நான் குற்றவாளி இல்லை, நான்தான் பாதிக்கப்பட்டவன்!

எங்கள் குசினி அலுமாரி உங்களுக்குத் தெரியும். ஐஸ்கிரீம் தின்று முடிந்தால் பெட்டியைக் கழுவிப் பத்திரப்படுத்துவது மேபலுக்கு ஒரு பக்தி. அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பும் அதற்குள்தான், மீன் குழம்பும் அதற்குள்தான். திங்கள் காலை அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஜனவரி பத்தாம் திகதி மகளைக் கையில் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போகிறவன் மூச்சு வாங்காமல் நடக்க வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில், முப்பத்தேழு பெட்டியையும் வெளியே எடுத்தேன். ஆக அடியில், துணியால் சுற்றி, "அரிசிமா" என்று எழுதி ஒரு பெரிய பெட்டி. திறந்தால் மா இல்லை. கறுத்த, பளபளத்த ஏதோ ஒன்று. மூக்கில் ஏறிய நெடியில் கண் கலங்கிவிட்டது. டொக்டர் பிள்ளை சொன்ன இரசாயனம் இதுதான், பிளாஸ்டிக்கே கரைந்து வடிந்துவிட்டது என்று தீர்மானித்துவிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் குப்பை லொறியில் ஏற்றினேன். லொறிக்காரன் அந்தப் பெட்டியை முகர்ந்து பார்த்து, "மஹத்தயா, மேக்க சுவந்தாய் நே!" என்றான் சிங்களத்தில். வாசமாக இருக்கிறதாம்! "பாவம், இவனுக்கும் மூளைக்கு அடித்துவிட்டது" என்று நினைத்தேன்.

மேபல் வந்தாள். வெறும் அலுமாரியைப் பார்த்தாள்.

"பிறெடி, அரிசிமாப் பெட்டி எங்க?"

"அது மா இல்ல மேபல், நஞ்சு. உன்னக் காப்பாத்தியிருக்கன்."

"நஞ்சா? ஆறு மாசமா பிரண்டியில ஊறின கஜுப் பருப்பும் பிளம்ஸும்! மகள்ட கலியாணக் கேக்! உங்கட கண்ணுல பட்டா மிஞ்சாது எண்டுதான் மா எண்டு எழுதி வச்சன்!"

சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷமாக பிரண்டியைத் தொடாதவன் மச்சான். மூக்குக்கு மறந்துபோய்விட்டது. இதையும் டொக்டர் பிள்ளை பேசியதையும் சொன்னால் பாராட்டுவாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் பேக்கை எடுத்தாள். "கேக்கையும் உங்கட டொக்டரையே அடிச்சுத் தரச் சொல்லுங்க" என்றாள், பஸ் ஏறிவிட்டாள்.

ஆகவே நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இது பிறெடியின் முட்டாள்தனம் அல்ல, நவீன ஆராய்ச்சி என்று சொல்லுங்கள். கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான். தாயில்லாமல் பிள்ளை சாறி பார்க்கக்கூடப் போகாமல் இருக்கிறாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் எல்லாரையும், முக்கியமாக உங்கள் தங்கச்சியின் கோபத்தையும், தன் கையில் ஏந்திக்கொள்வாராக.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட
பிறெடி

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். ஷெரோமி வாசித்துவிட்டாள். நான்கு நாளுக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்து, "டடா, ஞாயிற்றுக்கிழம டொக்டர்ட பேச்சில, தேத்தண்ணிக்குப் பிறகு நீங்க ஹோலுக்குள்ள வந்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை. வெளியே தின்ன றோல்ஸும் பற்றிஸும் வைத்திருந்தார்கள், நான் அங்கே நின்றுவிட்டேன். பிந்திய பாதியில் டொக்டர், இது இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை, பல காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், சுடுசாப்பாட்டைக் கண்ணாடியிலோ சட்டியிலோ வைத்தால் போதும், பயந்தடித்து எல்லாவற்றையும் வீச வேண்டாம், ஆனால் வாயைக் கட்டவும் வேண்டும், நடக்கவும் வேண்டும் என்று சொன்னதாம். அந்த நேரம் என் கையில் ஐந்தாவது றோல்ஸ். ஆகவே மேலே உள்ள விஞ்ஞானத்தை மேபலிடம் சொல்ல வேண்டாம்.

இதை மட்டும் சொல்லுங்கள். நேற்றுப் புறக்கோட்டைக்குப் போய் கஜுவும் பிளம்ஸும் இஞ்சிப்பாகும் வாங்கி, ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலும் வாங்கி, விடியற்காலையிலிருந்து நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரலில் பிளாஸ்டர். கஜுவைப் பொடியாக வெட்டாமல் பாதியாக வெட்டிப் போடுகிறேன், இஞ்சியைப் பாகு போகக் கழுவவே இல்லை, அப்படியே போத்தலுக்குள் கொட்டுகிறேன் என்று அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள். றவூப் நானாவை அங்கேயே திரீவீலோடு கொஞ்சம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நான் பிழையாக வெட்டுகிறேன் என்று தெரிந்தபிறகு மேபலால் அங்கே பத்து நிமிஷம் இருக்க முடியாது.