யானை எச்சரிக்கை ஜீப்புக்குச் சப்ஊஃபர் பொருத்திய வரலாறு

மனித உயிரைக் காக்க அறிவியல் எடுத்துவைத்த அடிகளை யாராவது வரிசைப்படுத்தினால், தடுப்பூசிக்கு அடுத்த இடத்தில் எங்கள் எஸ்டேட் நலச் சங்க ஜீப்பின் இரண்டு சப்ஊஃபர்களை எழுத வேண்டியிருக்கும். பந்தலூர்ப் பக்கத்தில் விசாரித்தால் தெரியும். சங்கத்தின் இணைச் செயலாளர் நான். தீர்மானப் புத்தகம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆதாரத்துடன் சொல்கிறேன்.

சங்க ஜீப்புக்கு ஒரே பணி. தேயிலைக் காட்டில் யானை நின்றால், கொழுந்து பறிக்க ஆட்கள் கிளம்புமுன், கூரைமேல் உள்ள குழாய் ஸ்பீக்கரில் அதை அறிவிப்பது. தலைவர் ரவிச்சந்திரன் வீட்டு வாசல்வரை சென்று இப்பணியைச் செவ்வனே செய்துவந்தோம். அதற்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் முக்கால் கிலோமீட்டர் மண்பாதை "வாகனப் போக்குவரத்துக்கு உகந்ததல்ல" என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்தாகிவிட்டது.

சென்ற தை மாதம் லயத்து நல்லசாமி, அறிவிப்பு காதில் விழாமல் மூன்றாம் நம்பர் காட்டுக்குப் போனார். யானை தள்ளியதில் இடுப்பு ஒடிந்தது. சங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. ஏகமனதாக.

அவர் மனைவி மூக்கம்மா கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"எங்க லயத்துக்குச் சத்தம் கேக்கலீங்க. ஜீப்பக் கொஞ்சம் கீழ எறக்கிக் கொண்டாந்தாப் போதும்."

"ஏம்மா, அந்த ரோட்டுல எறக்குனா ஆக்சில் ஒடைஞ்சிரும்" என்றார் தலைவர். "ஜீப்பு எதுக்கு? சத்தத்தையே கீழ அனுப்பி வெச்சுர்றோம்."

அனுப்பும் வழியும் அவரிடம் இருந்தது. கோவையில் மருமகன் காரில் ஏறியபோது, பாட்டின் அடிச் சத்தத்துக்கென்றே பின்னால் வைத்திருந்த சப்ஊஃபர் பெட்டியால் தலைவருக்கு நெஞ்சே அதிர்ந்ததாம். "ஏனுங்க, நெஞ்சுக்கே கேக்குதுன்னா காதுக்குக் கேக்காதுங்களா?" என்றார். இந்த "மருத்துவ ஆதாரத்தை" மறுக்கக் கூட்டத்தில் ஆளில்லை.

கூடலூரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் அயூப் வரவழைக்கப்பட்டார். பெட்டியைத் திறந்து பாடமே எடுத்தார்.

"சார், இது டூயல் வாய்ஸ் காயில். ஒரு சப்ஊஃபருக்குள்ள ரெண்டு காயில், ஒவ்வொண்ணும் நாலு ஓம். ரெண்டையும் சீரியஸ்ல இழுத்தா எட்டு. அப்படி ரெண்டு சப்ஊஃபரையும் பேரலல்ல சேத்தா ஆம்ப்ளிஃபையருக்கு நாலு ஓம், அது தாங்கும். எல்லாத்தையும் பேரலல்ல போட்டா ஒரு ஓம், ஆம்ப்ளிஃபையர் காலி. அது கெடக்கட்டும் சார், இதுல பேச்சு வராது. அடிச் சத்தம் மட்டும்தான்."

"ரெண்டு காயிலா?" என்று நிமிர்ந்தார் செயலாளர் வெள்ளியங்கிரி. மற்றது எதுவும் அவர் செவியில் ஏறவில்லை. "அப்ப ஒண்ணு தலைவர் சார்பா, ஒண்ணு செயலாளர் சார்பா. அதான் மொறை."

அவ்வாறே ஒவ்வொரு சப்ஊஃபரிலும் தலைவரின் ஆள் ஒரு காயிலையும் செயலாளரின் ஆள் மறு காயிலையும் இணைத்தார்கள். திறப்பு விழா நடந்தது. ரிப்பன், சால்வை, சுவிட்ச். சத்தம்தான் இல்லை. ஆம்ப்ளிஃபையர் மட்டும் இட்லிப் பானைபோல் கொதித்தது.

அயூப் குனிந்து பார்த்தார். "பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. ஒரு காயில் முன்னால தள்ளுது, இன்னொண்ணு பின்னால இழுக்குது. ரெண்டும் மும்முரமாத்தான் வேலை செய்யுது சார். சத்தம் போடுற கூம்புதான் அசையல."

"எங்க ஆளு சரியாத்தான் குடுத்தாரு" என்றார்கள் இருவரும். வருத்தத் தீர்மானம் நீங்கலாக, சங்க வரலாற்றில் தலைவரும் செயலாளரும் ஒரே கருத்தைச் சொன்னது அன்றுதான்.

அயூப் வயரை மாற்றிப் போட்டதும் பெட்டி "டும்" என்றது. லயத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாக நகர்ந்ததாகத் தகவல் வந்தது. மாபெரும் வெற்றி. பழைய குழாய் ஸ்பீக்கருக்கு உரிய மரியாதையுடன் ஓய்வு கொடுத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பரில் ஒற்றை யானை. தன் வாசலில் நின்ற ஜீப்பில், செயலாளரும் நானும் உடனிருக்க, தலைவரே மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த தொழிலாளர்களே! மூன்றாம் நம்பர் காட்டில் யானை நிற்பதால்..."

வெளியே வந்தது இது: "ம்ம்ம்... டும்... ம்ம்ம்."

லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

யானைக்கு விளங்கியது. யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அடிச் சத்தத்தில்தானாம். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு நேராகத் தலைவர் வாசலுக்கே வந்தது. மேலே போகிற ரோட்டில் அது நின்றுகொண்டது. எங்களுக்கு மிஞ்சியது "உகந்ததல்லாத" பாதை ஒன்றுதான்.

தலைவர் ஓட்டினார். செயலாளரும் நானும் பின்னால் சப்ஊஃபர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மூன்று நிமிடத்தில் லயம் வந்துவிட்டது.

"யானை! யானை! எல்லாரும் உள்ள போங்க!" என்று தலைவர் வெறுந்தொண்டையில் அலறினார். கடைசி வீடுவரை கேட்டது. கூடைகள் இறங்கின, கதவுகள் சாத்தப்பட்டன. நூறு சதவீதப் பயன் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மூக்கம்மா மட்டும் உள்ளே போகவில்லை. கூடையை வைத்துவிட்டு, தரையில் குனிந்து, ஜீப்பின் அடியில் தலையை விட்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஆக்சில் நல்லாத்தாங்க இருக்கு" என்றார். "எங்க ஊட்டுக்காரர் இடுப்புத்தான் ஒடைஞ்சது."