நில்லு சார்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பார்த்து நாள் முழுக்க "நில்லுடா, நில்லு" என்று கெஞ்சின மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நில்லு சார்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனி லேபில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சாருக்கு ஒரு மிஷின். மருந்தைக் கரைத்து ஊசியால் ஏற்றினால், பம்பு தண்ணீரும் மெத்தனாலும் கலந்து விட்டு அதை ஒரு சாண் இரும்புக் குழாய்க்குள் தள்ளும். குழாய் நிறைய எண்ணெய்ப் பிசுக்கு பூசின மாதிரி வெள்ளைப் பொடி. பிசுக்கோடு ஒட்டுகிற சரக்கு மெதுவாக வரும். தண்ணீரோடு உறவாடுகிற சரக்கு எங்கும் நிற்காமல் ஓடி வந்துவிடும். எங்கள் மருந்தில் இருந்த ஒரு கசடு இந்த ஓடுகிற ரகம். கும்பலோடு கும்பலாக வந்து விழும், அளக்கவே முடியாது.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அது தனியா நிக்கணும். இல்லேன்னா லேபை மூடிட்டு வெளியில குடுத்து டெஸ்ட் பண்ணிக்கறேன்."

மூடினால் சாருக்கும் வேலை போச்சு, எனக்கும் போச்சு. என் கடைசி இரண்டும் அப்போது பள்ளிக்கூடத்தில்.

சார் மெத்தனாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார். கொஞ்சம் நின்றது. கடைசியில் வெறும் தண்ணீரையே விட்டார். குழாயிலிருந்து வருவதைக் கோடாகப் போடுகிற மிஷின் பேனா, காகிதத்தில் தனியாக ஒரு குன்று வரைந்தது. "நின்னுட்டாம்மா!" என்று மிஷினைக் கட்டிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி ஓட்டம். மறுநாள் மெத்தனாலால் குழாயைக் கழுவி ஆரம்பித்தார். காலையில் நின்றது, மத்தியானம் ஓடியது. தினமும் இதே கூத்து.

என் வளையல் சத்தம்தான் காரணம் என்றார். கழற்றினேன். சாம்பார் வாசனை என்றார். லேபே தயிர் சாதத்துக்கு மாறியது. பிறகு மிஷினில் எலுமிச்சம்பழம் கட்டினார்.

"இன்னா சார், இதுக்குக் கூடவா திருஷ்டி?"

"சும்மா இரும்மா. எதுக்கும் இருக்கட்டும்."

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு ஊதுகிற எஸ்டேட் சங்கு பழுதாகிவிட்டது. சார் பாட்டுக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சார், மணி மூணாவுது. சோறு துன்னலியா?"

"சங்கு ஊதலையேம்மா!"

காகிதத்தைப் பார்த்தார். குன்று காலையில் இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அதை மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

விஷயம் இதுதான். சங்கு ஊதினால் எஸ்டேட்டில் எல்லோர் கையும் தானாக சுவிட்சுக்குப் போகும். சார் சின்ன வயதில் லேத் பட்டறையில் இருந்தவர், கேட்கவா வேண்டும்? பம்பை நிறுத்திவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார். அழுத்தம் போனதும் பொடியின் பொந்துகளிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடுமாம். பிசுக்கு அதைத் திரும்ப உள்ளே விடாதாம். அப்புறம் சரக்கு ஒட்ட ஏது இடம்? இனி பம்பை நிறுத்தக்கூடாது, தண்ணீரில் துளி மெத்தனாலும் இருக்கட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து நின்றார். சங்கையும் அன்றைக்கென்று சரிசெய்துவிட்டார்கள்.

"ஊதினா என் கையைப் புடிச்சுக்கம்மா. என்னையே என்னால நம்ப முடியல" என்று சார் காதோரம் சொன்னார்.

பாதி ஓட்டத்தில் ஊதியது. கை பாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் மிரண்டார். "என்னம்மா பண்றே?"

"நீ பேப்பரைப் பாரு சார். இத்த நான் பாத்துக்கறேன்."

குன்று தனியாக எழுந்து நின்றது. லேப் பிழைத்தது.

அதன் பிறகு, வேறு கம்பெனிக்குப் போகிறவரை, சங்கு ஊதினதும் சார் கையை என் பக்கம் நீட்டிவிடுவார். அவர் போன பிறகும் அந்த நேரத்துக்கு நான் கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் பக்கம் போய் நிற்பேன். பிடிக்கத்தான் கை இல்லை.

டேய் செல்வம், நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தபா படிச்சிக் காட்டுடா. சார் மனசு நோவுற மாதிரி எதுனா கீதான்னு பாக்கணும்.