நிழல் வாங்கிய அடி

கண்ணாடிக்கடைக்காரர் பேச்சு வீட்டில் எடுபடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். டிவிக்கு எதிரே கிடக்கிற சோபா. மற்றபடி என்ன வாங்குவது, எதை விற்பது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, போனால் எந்தச் சட்டையில் போவது, எல்லாம் வீட்டம்மா உத்தரவு.

ஆனால் இரண்டு பேருக்கும் ஒத்தே போகாத விஷயம் வந்துவிட்டால், கல்யாணமான புதிதில் விளையாட்டாகச் செய்துகொண்ட ஒரு ஏற்பாடு இருந்தது. வீடியோ கேமில் மூன்று சுற்று சண்டை. ஜெயித்தவர் சொல்வதுதான் நடக்கும். அப்புறம் முணுமுணுப்பு கூடாது. அந்தச் சண்டையில் மட்டும் கண்ணாடிக்கடைக்காரர் தோற்றதே கிடையாது.

பெரிய சூரர் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. குண்டு மல்லனை எடுத்துக்கொள்வார். எதிராளியை மூலையில் தள்ளிக் குனிந்து காலிலேயே உதைப்பார். எழுந்தால் உதை, எழப் பார்த்தால் உதை. உதைக்கிற பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. இதெல்லாம் ஒரு ஆட்டமா என்று வீட்டம்மா கேட்டால், கேமே ஒத்துக்கொள்கிறது, உனக்கு என்ன வந்தது என்பார்.

அப்படித்தான் சின்ன அறையும் அவர் கைக்குப் போனது. வீட்டம்மா தையல் வேலை செய்பவள். சாப்பாட்டு மேஜையில்தான் துணி வெட்டியாக வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு அடியில் குண்டூசி. சின்ன அறையில் நின்றபடி வெட்டத் தோதாக ஒரு வெட்டு மேஜை போட்டால் பிழைத்தேன் என்றாள். அவருக்கோ அங்கே பெரிய நாற்காலி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக கேம் ஆட வேண்டும். மூன்று சுற்று வைத்தார்கள். காலில் உதை. அறை அவருக்கு. அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

இப்படியிருக்க, ஒரு சாயங்காலம் வெளியே போய் வந்த வீட்டம்மா ஒரு டப்பாவை நீட்டினாள். அந்த கேமின் இரண்டாம் பாகம், அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் திகைத்துப்போனார். பிறந்த நாளா என்றால் இல்லை. கல்யாண நாளா? அதுவும் தாண்டிப் போய், மறந்ததற்கு வாங்கிக் கட்டியும் கொண்டாகிவிட்டது. பிறகு எதற்கு?

"எதுக்கும்மா இது?"

"சும்மாதான். ஆசைப்பட்டீங்களே."

அவர் ஆசைப்பட்டது நிஜம், வாயைத் திறந்து சொன்னதாகத்தான் ஞாபகம் இல்லை. இருந்தாலும் பரிசைக் கொடுத்தவளைக் குறுக்கு விசாரணை செய்வது அழகா? பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாய் ஓயவில்லை. கடையில் கண் சோதிக்க வந்தவர்கள் பலகையில் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள், இவர் காதில் ஓதிக்கொண்டிருப்பார். முதல் பாகத்தில் சுவர் சுவராகவே நிற்கும், இதில் மூலையில் நெருக்கினால் சுவர் உடைந்து எதிராளி தப்பிவிடுவான். நாலு பேர் சேர்ந்து அடித்துக்கொண்டாலும் படம் திக்காது. போனிலும் ஆடலாம். ஒரே உதையைத் திரும்பத் திரும்ப விட்டால் வலு குறைந்துகொண்டே போகும். இந்தக் கடைசிச் சங்கதியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். ஆனால் அவர் அசருகிறவரா? உதை, பிடி, தூக்கிப் போடு என்று வித்தையை மூன்றாக்கிக்கொண்டார்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். அவரை ரொம்பக் கவர்ந்தது நிழல். ஒருத்தர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, அவரைப் போலவே ஆடுகிற நிழலை கேமே செய்துவைக்கும். அவர் வேலைக்குப் போயிருந்தாலும் யார் வேண்டுமானாலும் அந்த நிழலோடு மோதலாம். வீட்டம்மா ம் கொட்டியபடி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கே காதில் விழப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சில நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டால், "உங்கள் நிழல் இன்று அடி வாங்கியது" என்று செய்தி. அடித்தவர் பெயர் வெறும் "மௌனம்". மறுநாளும் மௌனம். அதற்கு மறுநாளும். முதலில் நிழல் சில சண்டை ஜெயித்தது. பிறகு குறைந்தது. பிறகு ஒன்றுகூட இல்லை.

யார் இந்த மௌனம்? மனுஷருக்கு மண்டை குடைந்தது. எத்தனையோ பேர் ஆடுகிற கேமில் தன் நிழலை மட்டும் தேடி வருகிறான் என்றால் தான் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் பெருமைகூட. வெளிநாட்டுக்காரனாக இருப்பான் என்றார் மனைவியிடம். இருக்கும் என்றாள் அவள். தையல் மெஷின்மேல் அவள் போன் சாய்ந்து நின்றிருந்தது. அதை அவர் கவனித்தார், பாட்டுக் கேட்கிறாள் போல என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா மறுபடி சின்ன அறைப் பேச்சை எடுத்தாள். கண்ணாடிக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"புது கேம்லயே வெச்சுக்கலாம். தோத்தா அழக் கூடாது."

"அழமாட்டேங்க. நீங்களும் அழக் கூடாது."

முதல் சுற்றில் அவர் மூலைக்கு நெருக்கினார். அவளே முதுகால் இடித்துச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறி, பின்பக்கமாக வந்து சாத்தினாள். இரண்டாம் சுற்றில் உதைத்தார், அவள் அங்கே இல்லை. பிடித்தார், கையில் காற்றுதான் கிடைத்தது. அடுத்த நொடி குண்டு மல்லன் மல்லாக்க விழுந்தான். மூன்றாவது சுற்றுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் ஜெயித்தவர் பெயர் மௌனம் என்றிருந்தது.

"நீயா?"

"பிடிக்க வர்றதுக்கு முன்னாடி அரை அடி பின்னால போவீங்க. உங்க நிழலும் அப்படித்தான் போகும். தினமும் மத்தியானம் பாத்துப் பாத்து மனப்பாடமாயிடுச்சு."

"நிழல் விஷயம் உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். சாப்பிடும்போதெல்லாம் வேற என்ன பேசினீங்க?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. போகட்டும், ஒரு தடவை சறுக்கிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இனி அவள் நிழலோடு பழகி, அடுத்த மாதமே அறையைத் திரும்பப் பிடித்துவிட்டால் போகிறது. மேஜை செய்து வருவதற்குள் காலம் இருக்கிறது. இப்படித் திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் மணி அடித்தது.

தச்சர் நின்றிருந்தார், கூட இரண்டு ஆட்கள். அவர்களுக்கு நடுவே, வழவழவென்று இழைத்து மெருகு போட்ட வெட்டு மேஜை. சின்ன அறையில் கிடந்த பெரிய நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, மேஜையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சுவருக்குச் சுவர் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு நாற்காலி நுழையக்கூட இடம் மிச்சமில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மேஜையைத் தொட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் முன்புவரை அறை தன்னுடையதாயிற்றே, இது எப்போது சொன்ன மேஜை என்று தச்சரைக் கேட்டார்.

தச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா உங்களுக்கு ஏதோ கேம் டப்பா வாங்கிட்டு வந்தாங்களே சார், அன்னிக்கு வர்ற வழியிலயே என் கடைக்கு வந்து அளவு குடுத்துட்டுப் போனாங்க."