செலாமி ஐயாவின் கைக்குட்டை

சிவாஸில் இருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் பெக்தாஷ் அவர்களுக்கு, இஸ்மிரிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஹைதர் எழுதுவது. பெரியவர்கள் கைகளுக்கும் குழந்தைகள் கண்களுக்கும் என் முத்தங்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள் அனுப்பிய காய்ந்த கீரை வந்து சேர்ந்தது. உங்கள் தங்கை மூனிரே அதைச் சமைத்து என்னைத் தவிர எல்லோருக்கும் பரிமாறினாள். காரணம் கீழே.

உங்கள் மருமகள், எங்கள் பெண் நூர்தானே பெரிய இசைக்குழுவுக்காக ஒன்று எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, மேடை நிறைய வயலின்காரர்கள், நடுவில் நம் ஸுர்னாவும் தவுலும். ஸுர்னா ஊத என் கூட்டாளி தூர்சுன், தவுலுக்கு நான். மொத்தம் மூன்று பகுதி. கல்யாணத்தில் பகுதி ஏது, பெண் வீட்டில் கிளம்பினால் மாப்பிள்ளை வீடு வரை ஒரே அடிதான். இவர்களோ பகுதிக்குப் பகுதி நிறுத்துகிறார்கள், அப்போது கைதட்டக் கூடாதாம், இருமிக்கொள்ளலாமாம். சரி என்று கேட்டுக்கொண்டேன். இதை இந்தக் குளிர்காலம் ஊர் ஊராகக் கொண்டுபோவதா, பெட்டியில் போட்டுப் பூட்டுவதா என்று முடிவு செய்கிற மூன்று பேர் கச்சேரியன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டு எழுதியது. திரைக்குப் பின்னால் நின்று சட்டைக்கை நூலை உருவிக்கொண்டிருந்தாள்.

முதல் பகுதி பழுதில்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதன் தொடக்கத்தில் வயலின்கள் மட்டும், காதில் விழுந்தும் விழாமலும், மெதுவாக வாசிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் எனக்கு வேலை. குச்சியை ஆட்டிக் குழுவை நடத்துகிற செலாமி ஐயாவுக்கு வேர்க்கிற உடம்பு. அதைத் தொடங்கும் முன் குச்சியைக் கீழே வைத்தார், பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், மேலே தூக்கி ஓர் உதறு உதறினார். மச்சான், ஊரில் எத்தனை கல்யாணத்தில் ஹலாய் ஆட்ட வரிசைக்குத் தலையில் நின்று கைக்குட்டை வீசியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள், கைக்குட்டை மேலே போனால் தவுல்காரன் என்ன செய்வான்? அடித்தேன். செலாமி ஐயா பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆட்டிய கையில்தான் கைக்குட்டை இருந்தது. அவர் வேகமாக ஆட்ட ஆட்ட நானும் வேகமாக அடித்தேன். தூர்சுனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூச்சு இழுக்கிறானா விடுகிறானா என்று தெரியாமல் ஊதுகிறவன், கைக்குட்டை இறங்காமல் நிறுத்த மாட்டான். மாடியில் இருந்த நம் சிவாஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்துக்கொண்டு படியிறங்கி வந்து நாற்காலிகளுக்கு நடுவே ஆடத் தொடங்கிவிட்டார்கள். செலாமி ஐயா கைக்குட்டையைப் பையில் திணித்த பிறகுதான் ஓய்ந்தோம். அதற்குள் கச்சேரி முடிந்தது என்று ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நூர்தானே என்னோடு பேசுவதில்லை. உப்பு என் முன்னால் இருக்கிறது, அவள் அம்மாவிடம் கேட்கிறாள். அம்மாவும் லேசுப்பட்டவளா, “கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் எதுக்கு மேடை ஏறணும்?” என்கிறாள். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? பழகின கை, தானாகப் போய்விட்டது. நூர்தானே உங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். இந்தக் கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்து, உங்க அப்பா மேல் தப்பில்லை, கைக்குட்டை மேல்தான் தப்பு என்று அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாமல் இருக்கட்டும், வாசலுக்கு நல்ல சேதியே வரட்டும்.

இப்படிக்கு,
ஹைதர்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது நூர்தானே வந்து எதிரில் உட்கார்ந்தாள். “அப்பா, ஒத்திகைலயும் தெனம் அதே கைக்குட்டைலதான தொடச்சாரு. ஒரு நாளாவது அடிச்சீங்களா?” என்று கேட்டாள். தேநீர் ஆறும்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். முதல் வரிசையில் நடுவில் இருந்தவர் இரண்டாம் பகுதியிலேயே கண்ணை மூடிவிட்டார். அடுத்ததோ இன்னும் மெதுவானது. “அவரு தூங்கிட்டா நீ எழுதினது பெட்டிக்குத்தான போகும்? அதான் எழுப்பினேன்” என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. “அவர் தூங்கலப்பா, கண்ண மூடித்தான் கேப்பாராம். கடைசிப் பகுதிய இன்னும் கேக்கவே இல்லியேன்னு அவர்தான் மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்காரு” என்றாள். வெள்ளிக்கிழமை வாசிக்கிறோம். தவுல் நான்தானாம். “ஆனா வயலின் மட்டும் வாசிக்கிற அந்த எடம் வந்ததும் நீங்களும் கண்ண மூடிக்கங்க” என்று சொல்லிவிட்டு, என் தேநீரைச் சூடு பண்ண எடுத்துப் போனாள். மச்சான், அந்த இடத்தை நான் ஒத்திகையில்கூடக் கேட்டதில்லை. என் முறை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.